நாற்பத்து மூன்றாவது எண்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில்
நிலத்தடி நீரியல் இருக்கிறது.
நடத்த ஆள் இல்லை.
இரண்டு வருடமாய் அந்த நாற்காலி
பல்ப் மாட்ட ஏறுவதற்கு உதவுகிறது.

ஆகவே சனிக்கிழமைகளில்
கெங்கேரியிலிருந்து எலஹங்காவுக்கு
இன்னொரு பல்கலைக்கழகத்தைத் தேடி
நான்கு கிரெடிட்டுக்காகப் போய்வருகிறேன்.
மூன்று பஸ்.
நாயண்டஹள்ளிப் பாலத்தில் நிற்கும் நேரத்தில்
தண்ணீர் லாரிகளை எண்ணுவேன்.
மார்ச்சில் ஒரு நாள் பதினேழு.
அன்று காலைதான் எங்கள் பிஜியின் போர்வெல்
தண்ணீருக்குப் பதில் காற்றைத் துப்பியது.

எந்த காலேஜ் என்று கேட்டார் காவலர்.
ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத பதில் அது.
கடிதத்தைக் காட்டினேன், மூன்று நகலோடு.
அட்டையில் 'வருகை மாணவி'.
நூலகத்தில் புத்தகத்தைத் தொடலாம்
எடுத்துப் போகக் கூடாது.
வருகைத்தாளில்
அச்சிட்ட நாற்பத்திரண்டு பெயர்களுக்குக் கீழே
பென்சிலால் நான்,
ஜெசிந்தா அமலோற்பவம்.
வாரா வாரம் புதிய தாள் அச்சாகி வரும்
வாரா வாரம் அதில் நான் இருக்க மாட்டேன்
மறுபடி எழுதிக்கொள்வேன்.

ஆய்வகத்தில்
குழாயில் மண் நிரப்பி மேலே நீர் ஊற்றி
இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.
மணலுக்குப் பதினொரு வினாடி.
செம்மண்ணுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம்.
களிமண்ணை அப்படியே விட்டுவிட்டு
வீட்டுக்குப் போங்கள் என்றார் மேடம்.
அடுத்த சனிக்கிழமை பார்த்தபோது
ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
அதனிடம் யாரும்
தடையில்லாச் சான்று கேட்டிருக்கவில்லை.

"உனக்கு இது மார்க்‌ஷீட்டில் ஏறுமா?"
பக்கத்து மேஜை நூதன் கேட்டான்.
தெரியாது என்றேன்.
"அப்புறம் எதுக்கு வர்ற?"
தோளைக் குலுக்கினேன்.

ஐந்தாம் அலகுக்காக என்று சொல்லியிருக்கலாம்.
கைவிட்ட சுரங்கங்களில் நீர்.
நான் கோலார் தங்கவயல்காரி, சாம்பியன் ரீஃப்.
எங்கள் தெருவுக்கு அடியில்
மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இருட்டு,
அந்த இருட்டில் கழுத்து மட்டும் தண்ணீர்.
அதன்மேல்தான் ரேஷன் கடை, சர்ச்,
நான் சைக்கிள் பழகிய சரிவு.
அதைப்பற்றி இதுவரை
எந்தத் தேர்விலும் யாரும் என்னைக் கேட்டதில்லை.
மேடம் கேட்டார். பன்னிரண்டு மதிப்பெண்.
இரண்டு முறை எழுந்து
கூடுதல் தாள் வாங்கினேன்.

ஜூனில் இணைத்தன்மைக் குழு கூடியது.
அலுவலர் சென்னகேசவா
இரண்டு பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து
ஸ்கேலை வரி வரியாக நகர்த்தினார்,
வலிக்காமல் தையல் பிரிப்பவர் போல.
"அங்கே அஞ்சு அலகு. நம்மகிட்ட நாலு.
இந்த சுரங்கம் நம்மகிட்ட இல்லையே."
அது கூடுதல்தானே சார்?
"கூடுதலும் வித்தியாசம்தாம்மா."

மூன்று கிரெடிட் என்று முத்திரை விழுந்தது.
நான்கில் ஒன்று
பாலத்தின் நெரிசலில் எங்கோ
டிக்கெட்டைத் தொலைத்து இறங்கிவிட்டது.
கிரேடு என்ற கட்டத்தில் வெறும் கோடு.
என் கூடுதல் தாள்கள் இரண்டும்
எலஹங்காவில் ஒரு அலமாரியில்
நூல் கட்டிக் கிடக்கும்.

பட்டம் வாங்க இன்னும் ஒரு கிரெடிட் வேண்டும்.
அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்:
சுற்றுச்சூழல் விழிப்புணர்வு, பதினைந்து மணி நேரம்,
எங்கள் கட்டடத்திலேயே, கீழ்த்தளத்தில்.
நீரைச் சேமிப்போம் என்று சுவரொட்டி வரையச் சொன்னார்கள்.
ஒரு துளி. அதற்குக் கண், மூக்கு, சிரிப்பு.
வரைந்தேன்.
நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் நீலம் போடு என்றார்கள்.
போட்டேன்.
அது எந்த மண்ணில் விழப்போகிறதென்று
யாரும் கேட்கவில்லை.

துளியின் காலடியில், யாருக்கும் தெரியாமல்,
பென்சிலால் 43 என்று எழுதி வைத்தேன்.