மொண்டியோடு நாய் பார்க்கப் போனது

பதினொரு கோழியில் மூன்றைக் கீரி கொண்டுபோன மாசியில்
முடிவானது, வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று.
குரைக்கிற நாய் எங்கேயும் கிடைக்கும்.
கோழியைக் கோழியாகவே விட்டுவைக்கிற நாய்?
அரியூரில் யாரைக் கேட்டாலும் சிரித்தார்கள்.
"கட்டிப் போட்டா எல்லாம் நல்ல நாய்தான்க்கா."

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ பழம் கொண்டுபோவார்கள்.
நான் மொண்டியைக் கொண்டுபோனேன்,
கம்பிக்கூடையில், மேலே பழைய துப்பட்டா கட்டி.
இடது கால் வளைந்த வெடைக்கோழி.
நொண்டி ஓடுகிற ஒன்றைப் பார்த்தும்
ஒரு நாய் சும்மா இருக்குமென்றால்
மற்ற ஏழும் பிழைத்துக்கொள்ளும்.
இது என் கணக்கு.
கன்னியப்பனுக்கு இது பைத்தியக்காரக் கணக்கு,
ஆனாலும் கூட வந்தான்.
"இன்னாமா, அதுக்கு ஆஸ்பத்திரியா?" என்றார் கண்டக்டர்.
வேலூர் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தால்
வேறென்ன கேட்பார்கள்.

காட்பாடியில், ரயில்வே குவார்ட்டர்ஸில், லாப்ரடார் நக்கியது.
அன்பாகத்தான்.
மூன்றாவது முறை நக்கும்போது
மொண்டியின் தலை அதன் வாய்க்குள் இருந்தது.
"விளையாடறான்" என்றார் அந்த அம்மாள்.

தொரப்பாடியில் ரிட்டையரான வார்டர் எத்திராஜின் டாபர்மேன்
அசையவே இல்லை.
சங்கிலியின் நீளம் அதற்குத் தெரியும்.
விலா மட்டும் மோட்டார்போல ஓடிக்கொண்டிருந்தது.
மொண்டிக்கும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்,
ஒரு முழம் தள்ளியே நின்று மண்ணைக் கிளறியது.

பிறகு கறிக்கடை.
பிராய்லர் கூண்டுக்கு அடியில் படுத்திருந்தது ஒரு செவலை.
அதன் மூக்கின் மேலேயே நடந்தது மொண்டி.
கண்ணைக்கூடத் திறக்கவில்லை செவலை.
"இதாண்டி!" என்று குதித்தான் கன்னியப்பன்.
கடைக்கார ஜபருல்லா கையைத் துடைத்தபடி
"தாராளமா இட்டுக்கினு போங்க" என்றார்.
நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.
கோழிகளோடு அதற்குச் சண்டை இல்லை.
அவசரமும் இல்லை.
எத்தனை மணிக்கு எது வந்து விழும் என்று தெரிந்த முகம்.
"வேணாம்" என்றேன்.
ஏன் என்றான். சொல்ல வரவில்லை.

பாகாயம் ஸ்டாப்பிங்கில் கூடையைக் கீழே வைத்தேன்.
ஒரு கறுப்பு, பெட்டை, ஒரு காது மடங்கியது,
வந்து முகர்ந்தது.
கம்பி வழியாக மூக்கிலேயே கொத்தியது மொண்டி.
வீல் என்று கத்தி இரண்டடி தள்ளிப் போய்,
பிறகு திரும்பி வந்து
கூடைக்கு முதுகைக் காட்டி
ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது.
பஸ் வந்தது. போனது.
மூன்று பேரும் நடந்தோம்,
மொண்டியைச் சேர்த்தால் நாலு.
மகள் கோபிகா பெயர் வைத்தாள்: ஸ்டாப்பிங்.

சித்திரை வெயிலில் தொட்டியடி ஈரத்தில் அது படுக்க,
அதன் வயிற்று நிழலில் எட்டும் ஒண்டின.
வைகாசியில் ஒரு முட்டை காணவில்லை.
அதன் மூக்கில் மஞ்சள்.
சம்பளம் என்று விட்டுவிட்டேன்.
கீரி ஒருநாள் வேலி வரைக்கும் வந்தது, அதோடு சரி.

ஆடி ஞாயிறு, குடியாத்தத்திலிருந்து நாத்தனார் வந்தாள்.
கன்னியப்பன் சேவலைப் பிடிக்கப் போனான்.
குறுக்கே நின்றது ஸ்டாப்பிங்.
பிடரி மயிர் சிலிர்த்து,
பல் தெரிய,
நாங்கள் அதுவரை கேட்காத ஒரு குரலில்.
"ஏய், நான்தான்" என்றான்.
அவன்தான் என்று அதற்கும் தெரிந்தே இருந்தது.
நாலு மாதமாக விரலை நீட்டி நீட்டி
நம்ம கோழி, நம்ம கோழி என்று
சொல்லிக்கொடுத்தது நாங்கள்.

நாத்தனார் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.
பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.
ஒன்றரைக் கிலோ.

திரும்பி வந்து பையை என் பக்கம் வைத்தான்.
"அந்தச் செவலை, தூரத்துலயே என்னைப் பாத்துட்டு
எழுந்து வாலாட்டுச்சு" என்றான்.
நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.