ஆறு சதவீதம்

வலது கண்ணில் விழித்திரை ஆபரேஷன் முடிந்து
நாற்பத்தோராம் நாள்
சேதராப்பட்டு ஷூ கம்பெனியில்
பழைய மேஜைக்கே அனுப்பினார்கள்.
என் வேலை ஜோடி சேர்ப்பது.
குதிகாலோடு குதிகால், தையலோடு தையல்,
பிறகு பெட்டிக்குள்
தலைமாற்றிப் படுக்கவைப்பது.

ட்யூப்லைட்டுக்குக் கீழே, முகத்தோடு ஒட்டி,
மூக்குக்கு இந்தப் பக்கம் ஒன்று
அந்தப் பக்கம் ஒன்று பிடித்துப் பார்ப்பேன்.
பத்து மணிக்குள் பதினேழு ஜோடி ஒதுக்கிவிட்டேன்.
ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

தணிகாசலம் சார் டேப்போடு வந்தார்.
இது இருநூற்று அறுபது மில்லிமீட்டர்.
அதுவும் இருநூற்று அறுபது.
"பிளோமினா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"

கடலூர் ரோடு ஆஸ்பத்திரியில்
ஒரு கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடி, இன்னொன்றுக்குப் பச்சை.
பேப்பரில் முதுகோடு முதுகாய் இரண்டு அரை நிலா.
"ரெண்டும் ஒரே அளவா?"
இல்லை டாக்டர்.
ஒன்று வெளியே பிதுங்குகிறது,
வேறு டப்பாவின் மூடி மாதிரி.
அவர் "ஆறு சதவீதம்" என்று எழுதினார்.

சதவீதம் எனக்குச் சம்பளச் சீட்டில் பழக்கம்.
பி.எஃப். பன்னிரண்டு.
அதில் பாதிதான் இது.
ஆனால் அது பிடித்தம், இது கூடுதல்.
கேட்காத கூடுதல்.
எங்கே போய்க் கட்டுவது?

இரண்டு கண்ணையும் திறந்தால்
வில்லியனூர் வீட்டுத் தரை சாய்கிறது.
ரசம் தட்டைவிட்டு ஓடிவிடுமோ என்று
விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.
எதிரே சகாயம்.
இடதை மூடினால் கிட்டே வருகிறார்,
வலதை மூடினால் தள்ளிப் போகிறார்,
அவர் பாட்டுக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டு.
"என்னடி, கண்ணடிக்கிறே?"
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை வெட்கப்பட்டார்.
நான் திருத்தவில்லை.

அளவு மாற்றும் லென்ஸ் சென்னையிலிருந்து வர வேண்டுமாம்.
விலை கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனோம்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு
கட்டைவிரலை உள்ளே விட்டு
ஜோடி சேர்க்கிறேன்.
தூங்குகிறேன் என்று இரண்டு முறை எழுதிவிட்டார்கள்.

நேற்று மதியம், எல்லோரும் கேன்டீன் போன பிறகு,
செருப்பைக் கழற்றி என் காலையே அளந்தேன்.
இடது இருநூற்று இருபத்தெட்டு.
வலது இருநூற்று முப்பத்திரண்டு.
மறுபடியும் அளந்தேன். அதேதான்.

நாற்பத்து நான்கு வயது வரை
ஒரே நம்பர் செருப்பில் நடந்திருக்கிறேன்,
சர்ச்சுக்கு, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு.
ஒரு கால் மட்டும் கடிக்கும்.
செருப்பைத்தான் திட்டியிருக்கிறேன்.

எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று கேட்காதீர்கள்.
டேப் தணிகாசலம் சாருடையது.