சாய்ந்து உட்காருவது

குன்னூரில் நாங்கள் கொசுவலை கட்டியதில்லை.
குளிர்தான் வலை.
நேற்றிரவு குளியலறைச் சுவரில் ஒன்று.
வாயில் பிரஷ்ஷோடு
அப்படியே நின்றுவிட்டேன்.

அடிக்கவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம்,
முதலில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்ப்பேன்.
சுவரோடு படிந்திருந்தால் வெறும் கொசு.
தலை கவிழ்த்து, பின்பக்கம் தூக்கி,
முள் தைத்தாற்போல் சாய்ந்திருந்தால்
யோசிக்க வேண்டும்.

கிசுமுவில், ஏரிக்கரைக் குடிசையில்,
மாலை ஆறு முதல் காலை ஆறு வரை
கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி
ஒயுகி உட்கார்ந்திருப்பான்.
அவன் கால்தான் எங்கள் பொறி.
இறங்குவதை, கடிக்குமுன்,
கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிக்
காகிதக் கோப்பைக்குள் ஊதவேண்டும்.
கோப்பையின்மேல் எழுதுவான்:
பத்து–பதினொன்று, ஏழு.
இரண்டு–மூன்று, முப்பத்தொன்று.
தூங்காமலிருக்க மெதுவாகப் பாடுவான்.
வேனில் படுத்திருக்கும் எனக்கு
அது பாட்டா இருமலா என்று தெரியாது.

விடிந்ததும் எச்சில் சுரப்பியைப் பிரிப்பேன்,
ஊசிமுனையில், மூச்சை அடக்கி.
அப்பா இதே குன்னூரில், தடுப்பூசி நிலையத்தில்
ஆடுகளுக்குப் புல் போட்டவர்.
"எவ்வளவு படிச்சு என்ன,
ரெண்டு பேருமே சீக்குக்குத்தானே சேவகம்"
என்பார் போனில்.

நாற்பத்து மூன்று கட்டுரைகள்.
பதினெட்டில் முதல் பெயர் அ. ஞானசுந்தரி.
ஒயுகி ஒன்றில் வந்தான்,
நன்றியில், கடைசிக்கு முந்தின வரியில்,
ஓர் எழுத்து மாறி.
காட்டியபோது விரலால் தடவிப் பார்த்து
"இது என் தம்பியாக இருக்கும்" என்று சிரித்தான்.

மாத்திரை கொடுத்துத்தான் உட்காரவைத்தோம்,
கையெழுத்து வாங்கி, விதிப்படி.
இருந்தும் மூன்று தடவை காய்ச்சல்.
மூன்றாவதை நானே ஸ்லைடில் பார்த்தேன்:
சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாய்,
ஒவ்வொன்றிலும் ஊதாக் கல் பதித்து.
அழகாக இருந்தது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாத்திரை டப்பா எடுத்து வருவதற்குள் பறந்துவிட்டது.
ஆறாயிரம் அடி.
காய்கறி லாரியில் வந்ததோ, தானாகவோ.
கீழ்வீட்டில் போன மாதம் ஃபேன் மாட்டினார்கள்.

விளக்கை அணைத்தேன்.
முக்காலியில் உட்கார்ந்து
நைட்டியை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டேன்.
பன்னிரண்டு–ஒன்று, எதுவும் இறங்கவில்லை.
கால் சில்லிட்டுவிட்டது.
அந்தப் பாட்டில் எனக்கு
ஒரு வரியும் பாதியும்தான் தெரியும்.