ஒரு கிடாயின் விலை

கார்த்திகைக் காற்றில் வேம்பு விழுந்தது,
பாதி கிணற்றுக்கட்டில், பாதி குசினிக் கூரையில்.
வெட்ட ஆள் கேட்டேன். நாளைக்கு என்றார்கள்.
ஒட்டுசுட்டான் முழுக்க அன்றைக்கு
எல்லார் வளவிலும் மரம் விழுந்து கிடந்தது.

அற்புதராசாவின் கடையில்
சங்கிலி வாள் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.
"ஆர் பிடிக்கிறது?"
"நான்தான்."
ஒன்பது வருடம் மிதிவெடி கிளறினவள் என்று தெரியும்,
அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.
பெற்றோலில் ஒயில் கலக்கும் கணக்குச் சொன்னார்,
சங்கிலியை இழுத்து இறுக்கம் காட்டினார்.
பிறகு தெருவை ஒருதரம் பார்த்துவிட்டுச்
சாரத்தைத் தொடைக்கு மேல் ஒதுக்கினார்.
குறுக்கே ஒரு உழவுசால்.

செல் பட்டது என்றுதான் ஊர் சொல்லும்.
அவரும் மறுத்ததில்லை.
கோயில் அன்னதானத்தில்
அந்தக் காலுக்கென்று ஒரு கதிரை வரும்.

"பதினேழாம் ஆண்டு, தங்கச்சி.
வீட்டுக்குப் பின்னால ஒரு முருங்கைக் கொப்பு.
சாரத்தோட, பாட்டாவோட நிண்டனான்.
முருங்கை எண்டு
எப்பிடி வெளியில சொல்லுறது?"

வாளை எடுக்காமல் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன்.
வலை முகமூடி வைத்த தலைக்கவசம், காதுக்கு மூடி,
உள்ளே நூல்நூலாய்த் திணித்த காற்சட்டை.
சங்கிலி பட்டால் அந்த நூல்
பல்லெல்லாம் சுற்றி இழுத்து வாளை நிறுத்துமாம்.
விலையைக் கேட்டதும்
எனக்குள் ஒரு கிடாய் கத்தியது.
வந்து அதை விற்றேன். மறுபடி பஸ்.

"காற்சட்டைக்கு ஆடு வித்தவளை
இப்பதான் பாக்கிறன்" என்றாள் பவளக்கொடி, வேலிக்கு அப்பால்.
கீர்த்தனன் கேட்டான்:
"இது எங்கட வளவுதானே அம்மா, ஏன் இவ்வளவும்?"

ஏன் என்று எனக்கும் உடனே சொல்ல வரவில்லை.
வெடி நிலத்தில் என் முகம் கம்பனியுடையது.
அரை அங்குலம் வைசரைத் தூக்கினாலும்
பின்னாலிருந்து ஒரு குரல் பாயும்.
நாலு மணிக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு
மிச்ச முகத்தோடு வீட்டுக்கு வருவேன்.
அந்த முகத்தோடு அலவாங்கால் கல் உடைத்தேன்,
கொதி எண்ணெய்க்குள் மீன் போட்டேன்,
கொள்ளி கொத்தினேன்.
ஒருவரும் கத்தவில்லை.

காலை ஏழு மணி. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டிச்
சிவப்புத் துணி முடிந்தேன்.
பிள்ளையைப் பவளக்கொடியிடம் விட்டேன்.
காதை மூடியதும் ஊர் ஒரு குடத்துக்குள் போனது.

மூன்று கொப்பு வெண்ணெய்.
நாலாவது, அடிமரத்துக்குக் கிட்ட.
மூடிய காதுக்கும் அந்தச் சத்தம் கேட்டது,
மரத்தின் சத்தமல்ல.
பொறி. வாள் உதறி எழும்பி
என்னைப் பார்த்துத் திரும்பியது.
முன்தடுப்பு மணிக்கட்டில் இடித்துச் சங்கிலி நின்றது.
முகத்தில் யாரோ சுண்டியதுபோல் ஒரு டிக்.

கழற்றிப் பார்த்தேன்.
இடக்கண்ணுக்கு நேரே வலையில்
மிளகளவு பள்ளம்.

மரத்தின் முன் முழங்காலில் இருந்தேன், பழைய பழக்கம்.
உளியால் மெல்ல மெல்லச் சுரண்டினேன்.
பாக்களவு இரும்பு, கறுப்பு.
சுற்றிவர வளையம் வளையமாய் மூடி
வேம்பு அதை விழுங்கி வைத்திருந்தது.
எத்தனை சித்திரை இதன் கீழ்ப் பாய் விரித்தோம்.
ஒன்பது வருடமும்
நான் நிலத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டு பல்லில்லை.
"சங்கிலிக்குக் காசு வேற."
"செல் பட்டது" என்றேன், துண்டை மேசையில் வைத்து.
அற்புதராசா அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.
சாரத்துக்கு மேலால் தொடையைத் தடவினார்.
"உனக்கு மெய்யாவே செல்லோ" என்றார்.
எங்களுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.
சங்கிலிக் காசு மட்டும் குறையவில்லை.

காற்சட்டை கொடியில் காய்கிறது.
கிடாய் நின்ற கட்டையில் தலைக்கவசம்.
தன் மனிசனுக்கு அளவு சரிவருமோ என்று
பவளக்கொடி கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.
இடுப்பில் இரண்டு விரல் பிரிக்கவேண்டும்.