ஒரு பக்கம் மட்டும் நகரவில்லை

பூடோ, கடல்மீட்பு வானொலி நிலையம்.
ஜனவரி. பின்னிரவு இரண்டே கால்.
கீழறையில் சர்வர் அடுக்கின் முன்
கம்பளிக் காலுறையோடு குந்தியிருக்கிறேன்.
மூன்றாவது நினைவகப் பலகையில் கோளாறு.

முதலில் நாளுக்கொரு பிழை,
பிறகு மணிக்கொன்று,
இப்போது தூறல்.
திக்குகிறவன் தன் சொல்லைத் தானே
சரிசெய்து மறுபடி சொல்வதுபோல
இயந்திரம் திருத்திக்கொண்டே ஓடுகிறது.
என்றைக்காவது நாக்கு மடங்கிவிடும்.

அணைத்துவிட்டு மாற்றுவது யாருக்கும் வரும்.
அணைக்கக் கூடாது என்பதுதான் வேலை.
மேலே ஹல்வார்ட் ஹெட்போனோடு இருக்கிறான்,
வெளியே காட் மீன் பருவம்,
இருட்டில் நாற்பது படகுகள்.

கட்டளையைத் தட்டினேன்.
இனி இந்த வட்டாரத்தில்
யாருக்கும் இடம் தராதே.
இருப்பவர்களைக் கிளப்பு.

வட்டில் நகல் உள்ளவற்றை உதறிவிட்டது.
மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கியது:
ஓத அட்டவணை, காற்றழுத்தக் கோடுகள்,
ஹல்வார்ட் பாதி எழுதிவைத்த அறிக்கை.
எழுதிக்கொண்டிருக்கும் கைக்குத் தெரியாமல்
அடியிலிருக்கும் காகிதத்தை மாற்றுகிற வித்தை.
நடுவே எவராவது வந்து தொட்டால்
ஒரு கணம் பொறு என்று நிறுத்திவைக்கும்;
அந்தக் கணத்தை
ஒருவரும் கணம் என்று உணர்வதில்லை.

கடைசித் தொகுதி.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு பக்கங்கள் போய்விட்டன.
ஒன்று போகவில்லை.

மறுபடி.
போகவில்லை.

பிடித்திருப்போர் கணக்கைப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்தவர்களைவிட ஒருவர் அதிகம்.
வானொலி அட்டை.
அதற்குப் பெயர் தெரியாது, கதவிலக்கம் மட்டும் தெரியும்;
கர்னலைக் கேட்காமல்
நேராக வந்து கொட்டிவிட்டுப் போகும்.
நெடுநாள் பிடிப்பவர்கள்
வேறு வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும் என்பது விதி.
இந்த டிரைவரை எழுதிய புண்ணியவான்
விதியைப் படிக்கவில்லை.

மேலே போன் செய்தேன்.
"ஹல்வார்ட், இப்போது யார் பேசுவது?"
"தொடாதே, சிக்னே."
பிறகு தணிந்த குரலில்:
"ஸ்கார்வ். ரோஸ்டுக்குத் தெற்கே.
எஞ்சின் போச்சு, மேல்தளத்தில் பனி ஏறுது.
ஊன்னி தனியா இருக்கா."

நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
அரை விநாடிக் குரல்.
அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில்.
அடுத்த அரை விநாடி அதன்மேலேயே வந்து விழும்,
அதற்கடுத்ததும்.
பனியை உடைக்கிறேன் என்பதன் 'உடை'
'க்கிறேன்' வந்ததும் அழிந்துவிடும்.
வலுக்கட்டாயமாகப் பலகையை உருவினால்
அட்டை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்,
இல்லாத இடத்தில், அவள் குரலை.

கட்டளையை நான் ரத்து செய்யவில்லை.
அது தட்டிக்கொண்டே இருந்தது,
மறுப்பு வந்துகொண்டே இருந்தது.
இரண்டும் தத்தம் கடமை.
காப்பி ஆறி ஆடை கட்டியது.
புதிதாகப் பதினொரு பிழைகள்;
ஒவ்வொன்றுக்கும் என் வயிறு ஒருமுறை சுருங்கியது.

நாலே முக்காலுக்கு
திரையில் இருந்த 'ஒன்று'
சத்தமில்லாமல் 'சுழியம்' ஆனது.
பச்சை விளக்கு மஞ்சளாகி அணைந்தது.
அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்,
மீட்புப் படகு கயிறு கட்டிவிட்டது என்று,
அவள் ரேடியோவை வைத்துவிட்டாள் என்று.
ஹல்வார்ட் சொல்ல வந்தது
அதற்கப்புறம்தான்.

தாழை நெம்பி உருவினேன்.
உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது,
வயிற்றில் இப்போது ஒன்றுமில்லாத ஒரு பொருளுக்கு
அது கொஞ்சம் அதிகம்.

"எதாவது நின்னுச்சா?" என்றான் படியில் நின்று.
"இல்லை."
"நல்லது" என்று கொட்டாவி விட்டான்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
சேவை நின்ற நேரம்: சுழியம்.
தாமதத்துக்குக் காரணம்:
ஒரு பக்கத்தை ஒருவர் பிடித்திருந்தார்.

யார் என்று கேட்டு
தலைமை அலுவலகத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள்.
இன்னும் பதில் போடவில்லை.