எனக்கு வந்த பங்கு

மோடம் அவனுக்கு, மடிக்கணினி எனக்கு.
கார்ட்லாவில் வக்கீல் மேசையில்
படகும் மீன் புகைக்கும் அடுப்பும்
பத்து நிமிடத்தில் பிரிந்துபோயின.
அந்தக் கறுப்பு அலுமினியப் பெட்டிக்கு மட்டும்
ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது.
"அதன் விலை என்ன?" என்றார் வக்கீல்.
ஆர்னே சொன்னான்.
எங்கள் கல்யாணச் செலவைவிட அதிகம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
வக்கீலுக்கும்.

அந்தப் பெட்டிக்காக
ஒரு குளிர்காலம் பூராவும் ஹெல்டர்மா துறையில்
இரவு ஃபெர்ரிக்கு டிக்கெட் கிழித்தவள் நான்.
கணக்கில் அதை எழுதச் சொல்லவில்லை.
போகட்டும்.

பெட்டியைப் பற்றி அவன் பேசத் தொடங்கினால்
உருளைக்கிழங்கு வெந்து குழைந்துவிடும்.
அதன் மூளை அதனிடமே இருக்கிறது,
அதன் கடிகாரம் அதனிடமே.
ஒரு கட்டு அனுப்பும், காது கொடுக்கும்,
சேர்ந்ததென்று பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும்,
கணினி உறைந்து நின்றாலும்
தன்பாட்டுக்குத் தன் வேலை.
"நீ வைத்திருப்பது பாட்டுக் கேட்கிற சில்லு,
அதை நம்பி பால்டிக்கைத் தாண்டப் பார்க்கிறாய்."

ஆமாம், எட்டு யூரோ.
மத்தி மீன் டப்பாவுக்குள்
இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், நானே பற்றவைத்தவை.
(முதல் வாரம் எல்லா வார்த்தையும்
லேசாக மீன் வாடை அடித்தது என்று
யூடிட் என்னைக் கேலி செய்தாள்.)
மென்பொருளுக்குக் காசில்லை.
எங்கோ ஒருவன் தூக்கம் வராமல்
புதிதாக ஒரு முறையை எழுதி முடித்தால்
விடிவதற்குள் அது என் வீட்டில் ஓடும்.
அவன் பெட்டிக்குள் இருப்பதைத் திறந்து பார்க்க
அவனுக்கே அனுமதி இல்லை.

குறை இல்லாமலா?
சில்லின் கடிகாரம் குளிரில் நழுவும்.
ஒலி ஒரு கோடு கூடினால் போதும்,
மீட்டரில் ஊசி எகிறும்,
பக்கத்து அலைவரிசை எங்கும் என் எச்சில்.
அதைச் சொல்லிச் சொல்லியே
பதினோரு வருடம்.

இப்போது அவன் ஹான்கோவில், கடலுக்கு அந்தப் பக்கம்.
ஜனவரி இரவுகளில் எண்பது மீட்டரில்
என் அருவித் திரையில் வந்து இறங்குவான்:
ஒன்றேகால் விநாடிக்கு ஒரு கீச்சு,
இடைவெளி, மறுபடி கீச்சு.
யாருடனோ பேசுகிறான்.
அது அவன்தான் என்று காது சொல்லிவிடும்,
என்ன பேசுகிறான் என்று சொல்ல
என் மடிக்கணினியால் ஆகாது.
சாவி பெட்டிக்குள்.
டிக்கெட் கிழித்து வாங்கிய சாவி.

போன வியாழன் புயல்.
தீவில் மின்சாரம் போய், லாரி பேட்டரியில்
ஓடிக்கொண்டிருந்தேன்.
யூடிட்டுக்கு மெதுவான முறையில் தட்டினேன்:
ஜூனிப்பர் ஒன்று வேரோடு சாய்ந்தது, கூரை தப்பியது,
நாளைக்கு ஃபெர்ரி கிடையாது.
கணினியின் அறிவிப்பு ஒலியை அணைக்க மறந்திருந்தேன்.
பாதி வாக்கியத்தில்
பல் டாக்டர் தேதியை நினைவூட்டி
டிங்.
நாற்பது வாட்டில், பால்டிக் முழுவதற்கும்.

அனுப்பி முடித்து, தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.
அப்போது வந்தது
கையால் அடித்த மோர்ஸ்.
கோடுகள் எப்போதும்போல் கொஞ்சம் நீளம்.

டிங் கிடைத்தது. ஒலி அதிகம். குறை.

எந்தப் பெட்டியும்
டிங்கை எழுத்தாக்காது.
குப்பை என்று கழித்துவிடும்,
அவ்வளவு நல்ல பெட்டி அது.
ஸ்பீக்கரைத் திறந்து வைத்து
யாராவது
கேட்டுக்கொண்டிருந்தால்தான் உண்டு.

பதில் அடிக்கவில்லை.
ஒலியை இரண்டு கோடு குறைத்தேன்.
ஊசி உட்கார்ந்தது, சனியன்,
அவன் சொன்ன இடத்தில்தான்.

அறிவிப்பு ஒலியை
இன்னும் அணைக்கவில்லை.
கூரை வேலை இருக்கிறது,
பல் வேறு.