மூன்று கிராம்

பகலில் பல் கட்டுகிறேன்.
மெழுகில் கடைவாய், அக்ரிலிக்கில் ஈறு.
யாப்லொனெட்ஸ் ஊர்க் கிழங்கட்டைகளில் பாதிப் பேர்
என் கைவேலையால்தான் ரொட்டியின் ஓரம் கடிக்கிறார்கள்.
இரவில் அதே குறடு, அதே கம்பி,
சமையலறை மேசையில்
வாயை விட்டுக் காதுக்குத் தாவும்.

மேசைமேல் சாம்பல் கம்பளி,
உருண்டோடும் மணிக்கு வேலி.
தீப்பெட்டிகளில் சரக்கு:
ஆலைக் கழிவென்று கிலோ கணக்கில் வாங்கிய பாசி
(துளை கோணியவை, இரட்டையாய் ஒட்டிப் பிறந்தவை),
நின்றுபோன கைக்கடிகாரத்தின் பல்சக்கரம்,
டிராம் இருக்கையில் கிழித்த சிவப்பு ரெக்ஸின்,
தொப்பி தைத்து மிஞ்சிய கம்பளித் துண்டு,
கேட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால்
பெயர் சொல்லாமல் சேர்க்கும்
ஈறு நிற அக்ரிலிக்.

சனிச் சந்தையில் ஸ்டிஸ்லாவா வந்தாள்.
டிராம் பணிமனையில் பிரேக் சோதிப்பவள்.
முடியை ஒதுக்கிக் காட்டினாள்:
இரு செவிக்குப் பின்னாலும்
மொச்சைக்கொட்டை அளவில் கருவி.
"இதை மறைக்க அல்ல.
ஊர் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.
தொங்கட்டும். மின்னட்டும்."

நீலமும் பச்சையுமாய்
மூன்று சரம் கோத்துக் கொடுத்தேன்.
எனக்கே பொறாமையாக இருந்தது.

அடுத்த சனி, உள்ளங்கையில் திரும்பி வந்தது.
"தலை திருப்பினால் பாத்திரக்கடை சரிகிறது.
சூப் குடித்தால் ஆலங்கட்டி மழை.
நேற்று என் மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்,
உன் கண்ணாடி முந்திக்கொண்டது."

இத்தனை ஆண்டும் மணியிடம்
நிறத்தை மட்டுமே விசாரித்திருக்கிறேன்.
அன்றிரவு முதல்முறை
அதற்குக் காது கொடுத்தேன்.
கண்ணாடிமேல் கண்ணாடி: மாமியார் மருமகள்.
கண்ணாடிமேல் பித்தளை: சந்தை ஏலம்.
கண்ணாடிமேல் ரெக்ஸின்: ம்.
கண்ணாடிமேல் கம்பளி:
எதுவும் இல்லை, எதுவும் இல்லை.

அப்படியென்றால் அழகுக்காக அல்ல,
அமைதிக்காகத்தான் இனிக் கலப்பு.
ஒவ்வொரு மணிக்கும் இடையில்
மிளகளவு கம்பளி, பிறகு ரெக்ஸின் வட்டு,
சக்கரத்தின் பற்களுக்குள் நூல் சுற்றி
அதன் வாயையும் அடைத்தேன்.
காகித எடை பார்க்கும் தராசில்
மூன்று கிராமுக்கு மேல் போனால்
சோனை இழுக்கும். இரண்டு எண்பது.
மாதா கோயில் மணி ஒன்று அடித்தபோது
ஊசியில் நாற்பத்தோராவது மணி.
வெளியே பனி, சத்தமில்லாமல்,
எனக்குப் போட்டியாக.

மாட்டிக்கொண்டாள். தலையை உலுக்கினாள்.
மறுபடி உலுக்கினாள்.
"நீ இருக்கிறாயா?" என்று தோட்டைக் கேட்டுவிட்டு
பணம் எண்ணிக் கொடுத்தாள்.

மூன்றாம் முறை அவள் வரும்போது
கடையை மூடிவிடலாமா என்று பார்த்தேன்.
"இடதில் ஒரே ஒரு மணியை அவிழ்த்துவிடு."
ஏன் என்றேன், உதடு தெரிய.
"கடைசி டிராம் அடைந்தபின்
கொட்டகையில் நான் ஒருத்திதான்.
சத்தமே இல்லை என்றால்
உலகம் தூங்கிவிட்டதா,
என் பேட்டரி செத்துவிட்டதா,
எப்படித் தெரியும்?
ஒரு மணி ஆடட்டும்.
ஆடினால், நான் இணைப்பில் இருக்கிறேன்."

நின்றவாக்கில் வெட்டினேன்.
ஒரு பச்சை மணி, காற்றில்,
பித்தளைப் பல்லைத் தொட்டும் தொடாமலும்.
அவள் சிரித்ததற்குக் காரணம்
எனக்குக் கேட்கவில்லை.
அவ்வளவு சன்னம்.

கூலிக்குப் பதில் இன்னொரு இருக்கையின் ரெக்ஸின்.
இடது பேசும், வலது பேசாது.
ஜோடி என்று அட்டையில் எழுதி விற்கக்கூடாது இதை.

திங்கட்கிழமை ஆய்வகத்தில்
பாலிஷ் போட்ட பல்செட்டு ஒன்றைக்
காதோரம் வைத்துக் கடகடத்துப் பார்த்தேன்.
முதலாளியம்மா கதவருகில் நின்றிருந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.